முள் பொய் சொல்கிறதா, இயந்திரம் நோயுற்றதா?

புத்தூர்ப் பக்கத்தில் வெங்காயச் செய்கைக்கு நிலம் பண்படுத்தும் நாட்களில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த சில குடும்பங்கள், சீட்டுக் காசையும் கைமாற்றையும் சேர்த்துப் பழைய சிறிய உழவு இயந்திரம் ஒன்றை வாங்கின. வாங்கிய அன்றே வெப்பமானியின் முள் அசையவில்லை. "முள்தான் பழுது, மெசினுக்கு ஒன்றுமில்லை" என்றார் விற்றவர். எல்லாரும் நம்பினார்கள். சில மாதங்களின் பின் ஒரு நண்பகலில் பான் பெல்ற் அறுந்தது. தண்ணீர் கொதித்து வற்றியபோதும் முள் குளிர்ப் பக்கத்திலேயே கிடந்தது. இயந்திரம் இறுகி நின்ற பிறகுதான் ஓட்டியவருக்கு விஷயம் விளங்கியது. சிறு செலவோடு முடிந்திருக்க வேண்டிய காரியம், அக்குடும்பங்களின் ஒரு போக வருமானத்தை விழுங்கியது.

1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பற்றறியும் எரிபொருளும் குடாநாட்டுக்குள் வருவதே அரிதாக இருந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய காலம் அது. மானி பழுதானால் அதை யாரும் திருத்தவில்லை. காதால் கேட்டும் கையால் தொட்டும் ஓட்டப் பழகினோம். அந்தத் திறமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் ஏறும் சூட்டையும் இறங்கும் ஒயில் அழுத்தத்தையும் காது நேரத்தோடு சொல்லாது. தட்டும் சத்தம் கேட்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

ஒன்றா, எல்லாமா?

முள் தவறாகக் காட்டினால் உடனே புது மானி வாங்க ஓட வேண்டாம். பல மானிகள் ஒன்றாகப் பிழைத்தால் குற்றம் பொதுவான இடத்தில் இருக்கும். பியூஸ், மானிப் பலகைக்கு மின்சாரம் வரும் வயர், அதன் எர்த் வயர் ஆகியவற்றை முதலில் பாருங்கள். நீண்ட காலம் கொட்டிலில் நின்ற இயந்திரங்களில் எலி கடித்த வயரும் துருப்பிடித்த எர்த் இணைப்பும் சாதாரணம். எர்த் இணைப்பைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டினாலே பல நேரங்களில் முட்கள் உயிர் பெறும். வயரில் கை வைக்குமுன் பற்றறியின் எதிர் முனையைக் கழற்றிவிடுங்கள்.

ஒரு மானி மட்டும் பிழைத்தால், அதற்குரிய உணர்கருவியிலிருந்து வரும் வயரைச் சோதிக்க வேண்டும். மின்சாரத்தால் இயங்கும் சாதாரண வெப்பமானியானால், இயந்திரத்தை நிறுத்தி, உணர்கருவியின் வயரைக் கழற்றிச் சாவியைத் திருப்புங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் முள் ஒரு முனையில் நிற்கும். அந்த வயரைச் சிறு மின்குமிழ் ஒன்றின் ஊடாக இயந்திர உடலில் ஓரிரு விநாடி தொடுங்கள். முள் மறுமுனை நோக்கி அசைந்தால் மானியும் வயரும் நலம்; உணர்கருவியே பழுது. அசையாவிட்டால் வயரையோ மானியையோ பார்க்க வேண்டும். மின்னணுத் திரை உள்ள புதிய இயந்திரங்களில் இச்சோதனையைச் செய்யாதீர்கள். பழைய மசி பெர்கசன் போன்றவற்றில் வயருக்குப் பதில் மெல்லிய குழாயோடு கூடிய வெப்பமானி இருக்கும். அந்தக் குழாய் நசிந்தால் முழு மானியையும் மாற்ற வேண்டும்.

புது உணர்கருவி பூட்டும்போது புரியில் கசிவு நாடாவை அதிகம் சுற்றினால் எர்த் கிடைக்காமல் முள் மீண்டும் பொய் சொல்லும்.

முள் உண்மை சொல்லும்போது

மானி நலமென்று தெரிந்தபின் அது சொல்வதை நம்ப வேண்டும். மின்னேற்ற விளக்கு எரிந்து, கூடவே வெப்பமுள்ளும் ஏறினால் பான் பெல்ற் அறுந்திருக்கலாம். பல இயந்திரங்களில் தண்ணீர்ப் பம்பையும் மின்னாக்கியையும் அந்த ஒரே பெல்ற்தான் சுழற்றுகிறது. உடனே நிறுத்துங்கள். சூடாறும் முன் றேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். கொதித்த இயந்திரத்தில் குளிர்நீரும் ஊற்ற வேண்டாம். தண்ணீர் வற்றிவிட்டால் உணர்கருவி நீரில் படாமல் நின்று குறைந்த சூட்டைக் காட்டலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகையால் காலையில் இயந்திரம் ஆறியிருக்கும்போதே தண்ணீரைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

நமது கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறிய நீர். கேத்திலின் அடியில் ஏறும் வெள்ளைப் படிவு றேடியேற்றருக்குள்ளும் ஏறி, சூட்டை வெளியேற விடாது. இயந்திரத்துக்குரிய குளிர்திரவமோ காய்ச்சி வடித்த நீரோ நல்லது. கிடைக்காதபோது சுத்தமாகச் சேகரித்த மழைநீர், கிணற்று நீரைவிட மேல்.

ஒயில் விளக்கு எரிந்தால் ஒரு சாலும் உழ வேண்டாம். நிறுத்தி, அளவுக் கம்பியால் ஒயிலைப் பாருங்கள். ஒயில் போதுமானதாக இருந்தும் விளக்கு எரிந்தால், மெக்கானிக் வேறு அழுத்தமானி பூட்டிப் பார்க்கும்வரை இயக்காதீர்கள். எரிபொருள்மானி பழுதானால் மட்டும் அவசரமில்லை. சுத்தமான தடி ஒன்றைத் தாங்கியில் விட்டு அளக்கலாம். ஆனால் டீசல் முற்றாக முடிய விட்டால் குழாயில் காற்றுப் புகுந்து அரைநாள் வீணாகும்.

வாங்குமுன்

பழைய இயந்திரம் வாங்குவோர் அது குளிர்ந்திருக்கும் வேளையில் போய்ப் பாருங்கள். சாவியைத் திருப்பியதும் ஒயில் விளக்கும் மின்னேற்ற விளக்கும் எரிய வேண்டும். இயந்திரம் இயங்கியதும் அணைய வேண்டும். முதலிலேயே எரியாத விளக்கு, குமிழ் கருகியதாகவோ வேண்டுமென்றே கழற்றப்பட்டதாகவோ இருக்கலாம். பின்னர் கால் மணி நேரம் ஓடவிட்டு வெப்பமுள் மெல்ல ஏறி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். மணிமானி குறைந்த மணித்தியாலம் காட்டினாலும், கிளச் மிதி வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் மிதியையே நம்புங்கள்.

கூட்டாக இயந்திரம் வைத்திருப்போர் ஒரு கொப்பியில் தினமும் தண்ணீர், ஒயில், மணித்தியாலம் ஆகிய மூன்றையும் எழுதி வருவது நல்லது. ஓட்டுபவர் மட்டுமல்ல, வீட்டிலுள்ள பெண்களும் வளர்ந்த பிள்ளைகளும் இவ்விளக்குகளின் பொருளை அறிந்திருக்க வேண்டும். பத்துக் கன்னியர் உவமையில் ஐவரிடம் விளக்கு இருந்தது, எண்ணெய் இல்லை. மாப்பிள்ளை வரும் வேளையில் கடைக்கு ஓடிப் பயனிருக்கவில்லை. பலமுறை வீட்டையும் காணியையும் விட்டு வந்து, மறுபடியும் சிறுகச் சிறுகத் தேடிய முதல் இது. நாளைக் காலை சாவியைத் திருப்பும்போது ஒரு கணம் நின்று, எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று பாருங்கள்.