நீருக்குள் ஓர் ஊர், கரையில் ஓர் ஊர்

மழை பொய்த்து மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றும் காலங்களில் பழைய மஸ்கெலியா வெளியே தெரியும். கோவில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்களைக் காணப் பலர் கரைக்கு வருவர். ஊரை விட்டு வந்த நமக்கு அது வெறும் வேடிக்கைக் காட்சி அன்று.

இன்றைய மஸ்கெலியா, ஹட்டனிலிருந்து நோர்வூட் வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் பாதையில் அமைந்துள்ளது. களனி கங்கையின் கிளையாகிய மஸ்கெலியா ஓயாவை மறித்து, மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட அணை 1969இல் நிறைவுற்றது. பள்ளத்திலிருந்த பழைய நகரம் நீரில் மூழ்க, மேட்டில் புதிய நகரம் எழுந்தது. அந்தத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் சுற்றியுள்ள லயங்கள் பலவற்றுக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் சென்றன.

தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் கலந்து வாழும் இந்நகருக்கு உயிரூட்டுவது சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களே. சம்பள நாளில் கடைவீதி நிறைகிறது. மார்கழி முதல் வைகாசி வரை மலை யாத்திரிகர்களால் வியாபாரம் பெருகுகிறது. சாமிமலை, நல்லதண்ணி மக்களுக்கும் இதுவே சந்தை.

நகரம் வளர்ந்தது, அதை வளர்த்தவர்களின் நிலை என்ன? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த தோட்ட மக்களில் பெரும்பாலோருக்கு, அணை கட்டப்பட்ட நாளில் வாக்குரிமை இருக்கவில்லை. வாக்கில்லாதவரின் குரலை யார் கேட்பார்? பின்னர் குடியுரிமை கிடைத்தது. ஆயினும் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்களித்துச் சபையை அமைப்பார்கள். அவர்களுடைய லயத்துப் பாதையைச் சபை திருத்த முடியாது!

2018ஆம் ஆண்டு இங்கு முக்கியமானது. அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு, மஸ்கெலியாவுக்குத் தனிச் சபை அமைந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால், தோட்டக் குடியிருப்புகளிலும் சபைகள் பொது வசதிகளைச் செய்ய வழி பிறந்தது. ஆனால் சட்டம் தானாக நடந்து லயத்துக்கு வராது. மக்கள் கூடிப் பேசி, தமது தேவையை எழுதி, சபை உறுப்பினரிடம் கொடுத்துத் தொடர்ந்து கேட்க வேண்டும்.

காணியின் கதையும் இதுவே. 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் லய வாழ்வுக்கு நல்ல மாற்று. என்றாலும் உறுதிப்பத்திரம் கைக்கு வரும்வரை அந்த வீட்டை முழுமையாக நமதென்று சொல்ல முடியுமா?

மஸ்கெலியாவின் கதை, புதிய இடத்தில் வாழ்வைத் தொடங்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று கேள்விகளை வைக்கிறது. குடியிருக்கும் காணிக்கு உறுதி உண்டா? வாக்காளர் இடாப்பில் பெயர் உண்டா? நம் பாதைக்கும் குடிநீருக்கும் பொறுப்பான சபை எது? இவற்றுக்கு விடை தேடுவதை நாளைக்கென்று தள்ளிவைக்க வேண்டாம். வீடு கட்டும்போதே அவற்றையும் கேட்டுப் பெறுவோம்.