பிடிபட்ட கப்பலிலிருந்து நீதிபதிக்குச் சம்பளம்

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் 250-வது ஆண்டுக்கான சிறப்புப் பக்கங்கள் ஜூலை 4 அன்று வருகின்றன. சென்ற வாரம் பிரகடனத்தின் புகார்ப் பட்டியலைப் பற்றி எழுதியபோது, மன்னர் ஜூரி விசாரணையைப் பறித்தார் என்ற குற்றச்சாட்டுக்கு ‘வைஸ்-அட்மிரால்டி நீதிமன்றங்கள்’ என்று ஒரு வரிக் குறிப்பு போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றித்தான். கப்பல் மோதல் வழக்கைப் பார்க்கிற நீதிமன்றத்துக்கும் வரிக்கும் என்ன தொடர்பு என்று பலர் கேட்கிறார்கள். இன்னும் சிலர், நீதிபதிக்கு யார் சம்பளம் கொடுத்தது என்கிறார்கள். இந்த இரண்டாவது கேள்விதான் விஷயத்தின் உயிர். முத்திரைச் சட்டமும் பாஸ்டன் தேயிலையும் வாசகர்கள் அறிந்தவை. நேரே நீதிமன்றத்துக்குள் போய்விடலாம்.

லண்டன் சொன்னபடி வைஸ்-அட்மிரால்டி நீதிமன்றங்கள் கடல் வணிக வழக்குகளைத் தாமதமில்லாமல் தீர்த்துவைக்க வந்தவை. நடைமுறையில் இவை சுங்கத் துறையின் கடைசிக் கவுன்டர். 1696-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கக் காலனிகளில் ஒவ்வொன்றாக அமைந்தன. உள்நோக்கத்தை யாரும் பெரிதாக மறைக்கவுமில்லை. உள்ளூர் ஜூரியில் உட்காருகிறவர் கடத்தல்காரரின் அண்டை வீட்டுக்காரராகவோ கூட்டாளியாகவோ இருப்பார். அவரிடம் தண்டனையை எதிர்பார்க்க முடியாது. அதனால் ஜூரியே இல்லாத ஒரு நீதிமன்றம்: தனி நீதிபதி, ரோமானியச் சட்ட மரபு, எழுத்தில் வாங்கிய சாட்சியம். வழக்கும் ஆள்மீது அல்ல, பெரும்பாலும் கப்பல்மீதே.

ஆட்களைப் பார்ப்போம். கவர்னருக்கே துணை அட்மிரல் பட்டமும் உண்டு. அவருக்குக் கீழே ஒரு நீதிபதி, ஒரு பதிவாளர், பிடிபட்ட கப்பலைக் காவலில் வைத்து ஏலம் விடுகிற மார்ஷல், அரசுத் தரப்புக்கு ஒரு வழக்கறிஞர். நியமன அதிகாரம் லண்டனின் கடற்படை நிர்வாகமான அட்மிரால்டியிடம். ஆனால் லண்டனிலிருந்து உத்தரவு கடல் தாண்டி வர மாதக்கணக்காகும் என்பதால், இடம் காலியானால் கவர்னர் தற்காலிகமாக ஒருவரை உட்காரவைப்பார். அந்தக் கவர்னரின் நிலை என்ன? பறிமுதலான கப்பலையும் சரக்கையும் விற்ற பணத்தில் மூன்றில் ஒரு பங்கு மன்னருக்கு, ஒரு பங்கு பிடித்தவருக்கு, ஒரு பங்கு கவர்னருக்கு. நீதிபதிகளில் பலருக்கு நிலையான சம்பளமே கிடையாது. வழக்குக் கட்டணமும், பறிமுதலான சரக்கின் மதிப்பில் கிடைக்கும் கமிஷனும்தான் வரும்படி. பிடித்தவர், கவர்னர், நீதிபதி மூவருக்கும் லாபம் ஒரே திசையில். விடுதலையில் காசு பார்க்கிறவர் அந்த அறையில் யாருமில்லை.

ஒருவரே பல நாற்காலிகளில் உட்கார்ந்த கதையும் உண்டு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் எகர்ட்டன் லீ என்பவர் இந்த நீதிமன்றத்தின் நீதிபதி. அதே நேரத்தில் காலனியின் அட்டர்னி ஜெனரலும் அவரே. நில அளவைத் தலைவர், கவர்னர் அவை உறுப்பினர் பதவிகளும் கையில். சுங்க அதிகாரி வழக்குப் போடலாமா என்று சட்ட ஆலோசனை கேட்கப் போனாலும், போட்ட வழக்கில் தீர்ப்புக் கேட்கப் போனாலும், கதவைத் திறப்பது ஒரே ஆள். 1767-ல் ஹென்றி லாரன்ஸ் என்ற பெரு வணிகரின் வாம்பா என்ற கப்பலை லீ பறிமுதல் செய்தார். லாரன்ஸ் தன் கப்பலைத் தானே ஏலத்தில் எடுக்க வேண்டியதாயிற்று. லீயின் மனைவி லாரன்ஸின் உறவுப் பெண் என்பது கூடுதல் செய்தி. பிறகு லாரன்ஸ் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு லீயின் பெயரைத் தெருவுக்கு இழுத்தார். 1768-ல் லீ நீதிபதி பதவியை விட்டார்.

இந்த நாற்றத்தைப் போக்கத்தான் சீர்திருத்தம் என்று லண்டன் அறிவித்தது. 1768-ல் ஹாலிஃபாக்ஸ், பாஸ்டன், பிலடெல்பியா, சார்ல்ஸ்டன் என நான்கு ஊர்களில் புதிய மண்டல நீதிமன்றங்கள். ஒவ்வொரு நீதிபதிக்கும் ஆண்டுக்கு 600 பவுண்டு சம்பளம். கட்டணம் வாங்கக் கூடாது. இனி நீதிபதி யாரையும் எதிர்பார்க்காதவர் என்பது அரசு வாதம். படித்தால் நல்ல சீர்திருத்தமாகத்தான் தெரிகிறது. பணம் எங்கிருந்து வரும் என்ற வரிக்கு வரும்வரை.

சம்பளம் முதலில் அபராதங்களிலும் பறிமுதல்களிலும் மன்னருக்குச் சேரும் பங்கிலிருந்து வரும். அது போதாவிட்டால் மட்டும், கடற்படையின் பழைய தளவாடங்களை விற்ற பணத்திலிருந்து. அதாவது கமிஷனை ஒழித்துவிட்டு, கமிஷன் எந்தப் பானையிலிருந்து வந்ததோ அதே பானையில் சம்பளத்தை வைத்தார்கள். தளவாடப் பணம் பின்னால் இருக்கிறதே, ஒரு கப்பலைக்கூடப் பறிமுதல் செய்யாத நீதிபதிக்கும் 600 பவுண்டு வருமே என்று அதிகாரிகள் சொல்லலாம். கணக்கில் அது சரி. ஆனால் நீதிபதியின் ஊதியத்துக்குக் கருவூலம் முதல் பொறுப்பை ஏற்கவில்லை; பிரதிவாதியின் சொத்து ஏற்றது. கப்பலை இழந்தவர் தன்னைத் தண்டித்தவருக்கே படியளந்தார். 1774-ல் காலனிகளின் காங்கிரஸ் மன்னருக்கு அனுப்பிய மனுவில் இதையே குறிப்பிட்டுப் புகார் செய்தது. எனக்கு அந்தப் புகாரில் மிகையாக எதுவும் தெரியவில்லை.

இதற்குத் துணையாக இன்னொரு பூட்டை 1764-ன் சுங்கச் சட்டமான சர்க்கரைச் சட்டமே போட்டு வைத்திருந்தது. வரி கட்டிய சரக்கு என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. அவர் வென்று கப்பல் திரும்பி வந்தாலும், ‘பிடித்ததற்குத் தக்க காரணம் இருந்தது’ என்று நீதிபதி ஒரு சான்று எழுதிவிட்டால், சுங்க அதிகாரிமீது நஷ்ட ஈடு வழக்குப் போட்டுப் பயனில்லை: கிடைப்பது அதிகபட்சம் இரண்டு பென்ஸ். லாரன்ஸின் ஆன் என்ற கப்பலை விடுவித்த லீ, கூடவே இந்தச் சான்றையும் எழுதி அதிகாரியைக் காப்பாற்றினார். தோற்றாலும் நஷ்டமில்லை என்று தெரிந்தால் எந்த அதிகாரி கப்பலைப் பிடிக்கத் தயங்குவார்?

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த நீதிபதிகள் கண்ணை மூடிக்கொண்டு பறிமுதல் செய்தவர்கள் அல்லர். விடுவித்த கப்பல்களும் உண்டு. எல்லா இடத்திலும் வழக்குகள் குவியவுமில்லை: 1764-ல் அமெரிக்கா முழுவதற்குமாக ஹாலிஃபாக்ஸில் அமைத்த நீதிமன்றத்துக்கு வில்லியம் ஸ்ப்ரை என்ற சட்ட வல்லுநரை அனுப்பினார்கள். அந்தக் குளிர் மூலைக்கு வழக்கே அதிகம் வரவில்லை. அவர் பிறகு பார்படாஸ் கவர்னராகப் போனார்.

மற்ற கேள்விகள், சுருக்கமாக.

1768-ன் நான்கு நீதிபதிகள் யார்? ஹாலிஃபாக்ஸில் ஜொனாதன் சூவல், பாஸ்டனில் ராபர்ட் ஆக்முட்டி, பிலடெல்பியாவில் ஜேரட் இங்கர்சால், சார்ல்ஸ்டனில் அகஸ்டஸ் ஜான்ஸ்டன். கடைசி இருவரும் 1765-ல் முத்திரைத்தாள் விநியோகப் பொறுப்பேற்று, மக்கள் எதிர்ப்பில் அதை விட்டவர்கள். நீதிபதி பதவி அதற்கான ஈடு என்று ஊர் பேசியிருந்தால் வியப்பில்லை.

பாஸ்டன் வணிகர் ஜான் ஹான்காக்கின் வழக்கு? அவருடைய லிபர்ட்டி என்ற கப்பல் 1768 ஜூனில் பிடிபட்டு ஆகஸ்டில் பறிமுதலானது. அவர்மீது தனியாகப் போட்ட 9,000 பவுண்டு அபராத வழக்கில் வழக்கறிஞர் ஜான் ஆடம்ஸ் அவருக்காக வாதாட, 1769 மார்ச்சில் அரசே அதைக் கைவிட்டது.

அரசுத் தரப்பில் அந்த வழக்கை நடத்தியவர்? மேலே சொன்ன சூவல்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு இதெல்லாம் ஒழிந்ததா? பாதிதான்: 1789-ல் நீதிபதிக்குக் கருவூலச் சம்பளம் வந்தது, ஆனால் கடலில் பிடித்த சரக்கு வழக்குகள் ஜூரியில்லாத அட்மிரால்டி விசாரணைக்கே போயின, ‘தக்க காரணம்’ சான்றும் புதிய அரசின் சுங்கச் சட்டத்தில் அப்படியே ஏறியது.

மதராஸில் இப்படி ஒன்று இருந்ததா? இருந்தது, 1683-ன் அரச சாசனத்தின்படி 1686-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அட்மிரால்டி நீதிமன்றம் அமைத்தது, 1687-ல் வந்த சட்டம் படித்த நீதிபதி ஜான் பிக்ஸ் 1689-ல் இறந்ததும் கவர்னரே அந்த நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டார்.