கிலோமீட்டரை நம்பாதீர்கள்

மும்பையிலிருந்து கோவா வரை கொங்கண் கரையோரமாகச் சைக்கிளில் போய்க் கூடாரத்தில் தங்க ஆசையா? கால் பலம் பாதி, கணக்கு பாதி

வரைபடத்தில் எல்லாம் சுலபம்தான். மேலே மும்பை, கீழே கோவா, நடுவே கடலை ஒட்டியே இறங்கும் ஒரு கோடு. தூரம் ஐநூறு கி.மீ. சொச்சம். நாளைக்கு 90 கி.மீ. மிதித்தால் ஆறே நாள். சனிக்கிழமை காலை கிளம்பினால் வியாழன் இரவு கோவாவில் மீன் குழம்பு.

கொங்கண் கரையில் முதல் முறையாகச் சைக்கிளை இறக்குகிறவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் இதுதான். இரண்டாம் நாளே முழங்கால் முனகத் தொடங்கும். மூன்றாம் நாள் மாலை, ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, இருட்டிய பிறகு படகுத்துறையை அடைந்து, கடைசிப் படகு போய்விட்டதைப் பார்க்கும்போதுதான் கணக்கு எங்கே பிசகியது என்பது உறைக்கும். இந்தக் கரையில் தூரத்தை அளக்கும் கோல் கிலோமீட்டர் அல்ல. ஏற்றமும் படகும்தான்.

காரணம் மண்ணிலேயே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் கொங்கண். கன்னியாகுமரியிலும் கேரளத்திலும் வெட்டுக்கல் என்று அறுத்து வீடு கட்டுவார்களே, அதே செந்நிறக் கல்தான் ரத்னகிரி பக்கம் மேட்டு நிலமாகப் பரந்து கிடக்கிறது. உள்ளூரில் இதை 'சடா' என்பார்கள். மலையிலிருந்து இறங்கும் சாவித்திரி, வாசிஷ்டி, சாஸ்திரி முதலிய ஆறுகள் இந்த மேட்டைக் குறுக்கே அறுத்துக்கொண்டு கடலில் கலக்கின்றன. எனவே தெற்கே போகும் சாலைக்கு வேறு வழியில்லை. மேட்டிலிருந்து கழிமுகத்துக்குச் சரேலென்று இறங்கும். அக்கரையில் மறுபடி ஏறும். ஊருக்கு ஊர் இதே கதை. ஊட்டி மலைப்பாதை போல ஒரே ஏற்றமாக இருந்தாலாவது மனம் தயாராகிவிடும். இங்கே நூறு மீட்டர் ஏறி, நூறு மீட்டர் இறங்கி, மீண்டும் நூறு மீட்டர்.

பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று இங்கே உதவும். ஆள் 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மூட்டை 15 கிலோ. மொத்தம் 100 கிலோ. சுமாரான பயிற்சி உள்ளவர் நாள் முழுக்கத் தரக்கூடிய சக்தி 100 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எடையை 100 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 16 நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். ஒரு நாளில் இப்படிப் பத்து மேடுகள் வந்தால், ஏற்றத்துக்கு மட்டும் இரண்டே முக்கால் மணி நேரம். டயர் உரசலும் எதிர்காற்றும் தனி. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் செங்குத்தான சாலையில் உங்கள் வேகம் மணிக்கு நாலு கி.மீ.யைக்கூடத் தொடாது. நடப்பவர் முந்திக்கொண்டு போவார். இறங்கித் தள்ளுவது அவமானமல்ல, பௌதிகம்.

ஆகவே திட்டத்தின் முதல் விதி: ஒரு நாளைக்கு 60 கி.மீ., அல்லது 1,000 மீட்டர் ஏற்றம், இதில் எது முதலில் வருகிறதோ அங்கே நிறுத்திக்கொள்வது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 அளவு வரைபடங்களில் 20 மீட்டருக்கு ஒன்றாகச் சம உயரக் கோடுகள் உண்டு. பாதை எத்தனை கோடுகளை வெட்டி ஏறுகிறது என்று எண்ணினால் ஏற்றம் தெரிந்துவிடும். பொறுமையில்லாதவர்களுக்கு இதே வேலையைச் செய்ய இன்று செல்போன் இருக்கிறது.

இரண்டாம் விதி: படகுத்துறைகளை முதலில் குறித்துக்கொண்டு, பிறகு தங்குமிடங்களைக் குறிப்பது. இந்தப் பாதையில் ஆறு படகுகள். மும்பை பாவுச்சா தக்காவிலிருந்து மாண்டவாவுக்கு 2020 முதல் ஓடும் ரோ-ரோ கப்பல் முதலாவது. ஒரு மணி நேரத்தில் பெருநகர நெரிசல் மொத்தமும் முதுகுக்குப் பின்னால் போய்விடும். பிறகு அகர்தண்டா - திகி, பாக்மாண்ட்லா - வேஸ்வி, தாபோள் - தோபாவே, தவ்சாள் - ஜெய்காட். கடைசியாக மகாராஷ்டிர எல்லை தாண்டியதும் தெரேகோல் - கேரிம். ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் தவறவிட்டால்? தாபோளில் படகைக் கோட்டைவிட்டவர் சிப்ளூண் வழியாகச் சுற்றி அக்கரை சேர நூறு கி.மீ.க்கு மேல் மிதிக்க வேண்டும். எனவே துறைக்கு மாலையில் வந்து சேராதீர்கள். முந்தின இரவு துறைக்குப் பக்கத்து ஊரில் தங்கி, காலைப் படகைப் பிடிப்பதே உத்தமம். படகிலிருந்து இறங்கியதும் ஒரு ஏற்றம் காத்திருக்கும் என்பதும் நிச்சயம். அதை வெயிலுக்கு முன் முடித்துவிடலாம்.

இந்த இரண்டு விதிகளையும் வைத்துப் பிரித்தால், ஆறு நாள் பயணம் பன்னிரண்டு நாளாக விரிகிறது. முதல் நாள் மாண்டவாவிலிருந்து அலிபாக், காஷித் வழியாக முருட். மராட்டியர்களால் கடைசிவரை பிடிக்க முடியாத ஜஞ்ஜீரா கடல்கோட்டை இங்கேதான். இரண்டாம் நாள் படகேறி திவேயாகர், ஸ்ரீவர்தன். மூன்றாம் நாள் ஹரிஹரேஷ்வர், அடுத்த படகு, கேள்ஷி. நான்காம் நாள் ஆஞ்ஜர்லே, ஹர்ணை தாண்டி லாட்கர். ஐந்தாம் நாள் தாபோள் படகு, குஹாகர். ஆறாம் நாள் ஜெய்காட் வழியாகக் கணபதிபுலே. ஏழாம் நாள் கடலைக் கீழே பார்த்துக்கொண்டே வளையும் ஆரே - வாரே சாலையில் ரத்னகிரி. அத்துடன் அன்று நிறுத்திக்கொள்ளலாம். பர்மாவின் கடைசி மன்னர் திபாவை ஆங்கிலேயர்கள் 1916இல் அவர் இறக்கும்வரை வைத்திருந்த ஊர் இது. அவருடைய அரண்மனை இன்னும் நிற்கிறது. சுற்றுவட்டார மேடுகளில் ஆதிமனிதன் பாறையில் கீறிய யானையும் மீனும் 2022இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கின்றன.

எட்டாம் நாள் பாவஸ், பூர்ணகட், ஆம்போள்கட். ஒன்பதாம் நாள் ஜெய்தாபூர், விஜயதுர்க், அல்போன்ஸா மாம்பழத்தின் தேவ்கட். பத்தாம் நாள் மால்வண், அங்கே சிவாஜி 1664இல் கட்டத் தொடங்கிய சிந்துதுர்க் கோட்டை. பதினோராம் நாள் வேங்குர்லா. பன்னிரண்டாம் நாள், 1930இல் உப்பு சத்தியாகிரகம் நடந்த ஷிரோடா வழியாக ரேடி, தெரேகோல், கோவா. இரண்டு நாளை உபரியாகக் கையில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வயிறும் சைக்கிளும் எப்போது மக்கர் செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

எப்போது போவது? ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவமழை கொட்டித் தீர்க்கும். மாண்டவா போகும் சாதாரணப் படகுகள் அப்போது நிறுத்தப்படும். அக்டோபரில் புழுக்கம், மார்ச்சுக்குப் பின் அனல். மிச்சமிருப்பது நவம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை. அந்த மாதங்களில் பிற்பகல் கடல்காற்று வடமேற்கிலிருந்து வீசும் என்பதால் மும்பையிலிருந்து கோவாவுக்குப் போவதே லாபம். திரும்பி வருகிறவர்களுக்கு அதே காற்று எதிரி.

சைக்கிள் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, கியர் சின்னதாக இருக்க வேண்டும். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள பந்தய சைக்கிளில் நிமிடத்துக்கு அறுபது முறை மிதித்தால் மணிக்கு 9 கி.மீ.; செங்குத்து ஏற்றத்தில் மூட்டையோடு அந்த வேகம் நடக்காத காரியம். முன்னால் 22, பின்னால் 34 பல் உள்ள மலை சைக்கிள் அதே மிதியில் 5 கி.மீ. வேகத்தில் நிதானமாக ஏறும். முழங்கால் தப்பிக்கும். இறக்கம் இன்னொரு விதத்தில் மோசம். வளைவுகளில் மணலும் சரளையும் கிடக்கும். எனவே புது பிரேக் கட்டைகளும் ஒரு உபரி ஜோடியும் அவசியம். இரண்டு டியூப், பங்க்சர் ஒட்டும் சாமான்கள், பம்பு, செயின் கழற்றும் கருவி, நாலு போக்ஸ் கம்பி ஆகியவை கையில் இருக்கட்டும். சாதா சைக்கிளுக்குக் கடை கிடைக்கும். கியர் சைக்கிளுக்கான உதிரிபாகத்தைச் சின்ன ஊர்களில் எதிர்பார்க்க முடியாது.

மூட்டையைக் குறைக்கச் சுலபமான வழி, அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுவது. கரை நெடுக 'காணாவள்' என்ற வீட்டுச் சாப்பாட்டு இடங்கள் இருக்கின்றன. ஆனால் போய் உட்கார்ந்ததும் இலை போடமாட்டார்கள். முன்கூட்டிச் சொன்னால்தான் உலை வைப்பார்கள். காலையில் அரிசி மாவில் வார்க்கும் 'காவன்' நம்மூர் தோசைக்குத் தங்கை. வெயிலுக்குக் கோகம் புளியும் தேங்காய்ப்பாலும் கலந்த சோல்கடி. தண்ணீரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. இவ்வளவு மழை பெய்தும் அந்தச் செந்நிறக் கல் நீரைத் தேக்குவதில்லை. மேட்டில் மணிக்கணக்கில் நிழலும் கிணறும் இல்லாமல் போகலாம். மூன்று லிட்டராவது சைக்கிளில் இருக்க வேண்டும்.

கூடாரம் போடுவதற்கு வருவோம். வெறிச்சோடிய கடற்கரை, நட்சத்திரங்கள், அலையோசை என்ற கனவைக் கொஞ்சம் திருத்திக்கொள்வது நல்லது. பௌர்ணமி, அமாவாசை நாட்களில் அலை எதிர்பாராத உயரத்துக்கு ஏறும். தென்னைக்குக் கீழே படுத்தால் காய் விழும். வேளாஸ், ஆஞ்ஜர்லே போன்ற கரைகளில் குளிர்காலத்தில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. நம்மூர் மீனவர்களின் பங்குனி ஆமைதான் இது. வேளாஸில் 2002 முதல் ஊர்க்காரர்கள் முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அங்கே மணலில் கூடாரமும் டார்ச் வெளிச்சமும் ஆமைகளுக்கு இடைஞ்சல்.

பதிலாக வீட்டு முற்றம், கோவில் வளாகம், பாக்குத் தோப்பு. சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே ஊருக்குள் போய், "தம்பூ லாவூ கா?" என்று மராத்தியில் கேளுங்கள். கூடாரம் போடலாமா என்று அர்த்தம். கேட்டுவிட்டுப் போட்டால் நீங்கள் விருந்தாளி. இருட்டில் கேட்காமல் போட்டால் சந்தேகப் பிராணி. தனியாகப் போகும் பெண்கள் தங்கும் வீடுகளின் முற்றத்தையே தேர்ந்தெடுப்பது நிம்மதி.

உடம்பு ஒத்துழைக்காவிட்டால்? அதற்கும் திட்டத்தில் இடம் வேண்டும். 1998இல் முழுமையாகத் திறக்கப்பட்ட கொங்கண் ரயில் பாதை கடலுக்கு இணையாக உள்ளே ஓடுகிறது. கேட், சிப்ளூண், ரத்னகிரி, கண்கவ்லி, குடாள் நிலையங்களை முன்பே குறித்துக்கொண்டால் திரும்பிப் போக வழி தெரியும். ரயிலேறுவது தோல்வியல்ல. ஆனால் கரையிலிருந்து ரயிலடிக்குப் போவதும் மேடேறிய பயணம்தான். ஒரு முழு நாளை அதற்கு ஒதுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம் உண்டு. இந்தப் பாதை இப்படியே இருக்கப்போவதில்லை. ரேவஸ் முதல் ரேடி வரை தொடர்ச்சியான கடற்கரைச் சாலை என்பது, ஏ.ஆர். அந்துலே மகாராஷ்டிர முதல்வராக இருந்த 1980களின் தொடக்கத்திலிருந்தே பேசப்படும் திட்டம். பல ஆண்டுகள் கிடப்பில் இருந்தது. இப்போது கழிமுகங்களின் மேல் பாலங்கள் கட்டும் முயற்சி வேகம் பிடித்திருக்கிறது.

சைக்கிள்காரர் இதற்காகப் புலம்ப உரிமையில்லை. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு, விடியும்வரை படகு இல்லை என்பதில் எந்த அழகும் கிடையாது. அக்கரையில் கல்லூரி இருந்தும் சுற்றிப் போகும் பிள்ளைகளுக்குப் பாலம் தேவைதான். ஆனால் பாலத்தோடு லாரியும் சுற்றுலா பஸ்ஸும் வேகமும் சேர்ந்தே வரும். இன்று இந்தச் சாலை வெறிச்சோடிக் கிடப்பதற்குக் காரணமே அந்தப் படகுகள்தான். அவசரக்காரர்கள் நெடுஞ்சாலை 66இல் போய்விடுகிறார்கள். காத்திருக்கத் தயாராக இருப்பவர்களுக்குக் கடலோரம் மிஞ்சுகிறது.

எனவே பன்னிரண்டு நாள் விடுப்பு கிடைக்கும் என்றால், ஆறு நாளில் முடிக்கும் சாகசத்தை வேறொருவருக்கு விட்டுவிடுங்கள். துறைமேடையில் மீன் கூடைகளுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவே சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அக்கரையிலிருந்து கிளம்பும் படகைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தக் கால் மணி நேரத்தையும் பயணத் திட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாலங்கள் வந்தபின் சாலை இருக்கும். அந்தக் கால் மணி நேரம் இருக்காது.