சர்க்கரை நோய்: மாத்திரை எதுவரை, நடை எதுவரை?

கல்யாணப் பந்தியில் இந்தக் குரல் கேட்காமல் இருப்பது அபூர்வம். "எனக்குச் சுகர்தான். இன்னிக்கு ஒரு நாள்தானே? ராத்திரி மாத்திரையைச் சேர்த்துப் போட்டுக்கிறேன்." சொல்லி முடிப்பதற்குள் இலையில் இரண்டாவது ஜாங்கிரி விழுந்துவிடும். அதே பந்தியின் மறுகோடியில் இன்னொருவர். மூன்று மாதமாகக் காலையில் நடக்கிறார், வெந்தயத் தண்ணீர் குடிக்கிறார், இடுப்பு பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது. "இங்கிலீஷ் மருந்தையெல்லாம் தூக்கிப் போட்டாச்சு" என்று பெருமையோடு சொல்கிறார்.

முதலாமவர் மாத்திரையை நம்பி வாயைக் கட்டவில்லை. இரண்டாமவர் வாயைக் கட்டிய தைரியத்தில் மாத்திரையை விட்டுவிட்டார். இருவர் நிலையும் கவலைக்குரியதே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நோயின் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13.6 கோடிப் பேர். இத்தனை கோடி வீடுகளிலும் ஏதோ ஒரு நாள் எழும் கேள்விதான் இது: மாத்திரையா, பழக்கவழக்கமா? கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகள் இதற்கு ஒரே பதிலைத் தரவில்லை. நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பதில் மாறுகிறது.

உணவு மட்டுமே மருந்தாக இருந்த காலம்

மருந்தே இல்லாமல் உணவால் மட்டும் சர்க்கரை நோயைச் சமாளித்த ஒரு காலம் உண்மையிலேயே இருந்தது. இன்சுலின் வருவதற்கு முன், முதல் வகைச் சர்க்கரை நோய் கண்ட குழந்தைகளுக்கு அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் வகுத்த அரைப்பட்டினி உணவுதான் சிகிச்சை. அது உயிரைச் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோ நீட்டித்தது. குழந்தைகள் எலும்பும் தோலுமாகிப் படுக்கையில் கிடந்தார்கள்.

கனடாவின் டொரோண்டோ மருத்துவமனையில் இருந்த 14 வயது லியோனார்ட் தாம்சனும் அப்படிக் கிடந்த சிறுவன்தான். எடை 30 கிலோகூட இல்லை. 1922 ஜனவரி 11 அன்று அவனுக்கு இன்சுலின் ஊசி போடப்பட்டது. முதல் மருந்து போதிய அளவு சுத்திகரிக்கப்படாததால் பெரிய பலன் தரவில்லை. 12 நாள் கழித்து, மேலும் சுத்திகரித்த மருந்தைக் கொடுத்ததும் சர்க்கரை இறங்கியது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான்.

முதல் வகை நோயில் கணையம் இன்சுலினைச் சுரப்பதே ஏறத்தாழ நின்றுவிடுகிறது. இவர்களுக்கு நடையும் உணவுக் கட்டுப்பாடும் துணைதான், இன்சுலினே உயிர். "இயற்கை முறையில் இன்சுலினை நிறுத்தலாம்" என்று யாராவது ஒரு குழந்தையின் பெற்றோரிடம் சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவது நல்லது.

சென்னையில் 531 பேர்

இரண்டாம் வகை நோயின் கதை வேறு. இங்கே இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. நோய் மெல்ல மெல்ல, பல ஆண்டுகளில் முற்றுகிறது. அந்த இடைவெளியில்தான் பழக்கவழக்கத்துக்கு வலிமை அதிகம்.

இதைத் தமிழ் மண்ணிலேயே சோதித்தவர் சென்னை மருத்துவர் ஏ. ராமச்சந்திரன். அவர் தலைமையிலான குழு, சர்க்கரை எல்லை தாண்டத் தொடங்கியிருந்த 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாவது பிரிவுக்கு உணவு மாற்றமும் தினமும் அரை மணி நேர நடையும். மூன்றாவது பிரிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதற்கு மாத்திரையும் பழக்க மாற்றமும். சுமார் இரண்டரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. மற்ற மூன்று பிரிவுகளிலும் அது 39 முதல் 41 சதவீதத்துக்குள் நின்றது. 2006இல் வெளிவந்த இந்த முடிவின்படி, நடையும் உணவு மாற்றமும் தனியாகவே மாத்திரைக்கு ஈடாக நோயைத் தள்ளிப்போட்டன. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் கிடைக்கவில்லை.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. நடந்தவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை. ஆனாலும் நோய் தள்ளிப்போனது. "நடந்து நடந்து பார்த்தாச்சு, ஒரு கிலோகூடக் குறையலை" என்று அலுத்துக்கொண்டு நிறுத்துகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். எடைமெஷின் காட்டாத மாற்றம் தசைக்குள் நடந்துகொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில் வித்தியாசம் இன்னும் பெரிது. வாரத்துக்கு 150 நிமிட உடற்பயிற்சியும் 7 சதவீத எடைக் குறைப்பும் இலக்கு. 2002இல் வந்த முடிவில், பழக்க மாற்றம் நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தது; மெட்ஃபார்மின் 31 சதவீதம் குறைத்தது. 60 வயதைத் தாண்டியவர்களுக்குப் பழக்க மாற்றம் இன்னும் நன்றாகவே கைகொடுத்தது. "இந்த வயசுல நடந்து என்ன ஆகப்போகுது" என்று சொல்வதற்கு இடமில்லை.

சீனாவின் டாசிங் நகரில் 1986இல் தொடங்கிய ஆய்வு, ஆறு ஆண்டுகள் மட்டுமே உணவு, உடற்பயிற்சிப் பயிற்சி தந்தது. பிறகு முப்பது ஆண்டுகள்வரை அந்த மக்களைப் பின்தொடர்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கு நோய் சராசரியாக நான்கு ஆண்டுகள் தாமதமாக வந்தது. இதயநோய் மரணங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

நோய் பின்வாங்குமா?

நோய் வந்தபின் என்ன செய்வது? பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் என்ற இரு பேராசிரியர்களின் தலைமையில் நடந்த 'டைரக்ட்' ஆய்வு இதற்கு நம்பிக்கையான பதிலைத் தந்தது. நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள் சுமார் 300 பேர். பாதிப் பேருக்கு முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தி, மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு 850 கலோரிக்கு மேற்படாத திரவ உணவு மட்டும் கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமலே நோய் அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ இறக்கியவர்களில் இது 86 சதவீதம். ஈரலிலும் கணையத்திலும் படிந்த கொழுப்பு கரைந்தால், சோர்ந்துபோன கணையம் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகிறது என்பது டெய்லரின் விளக்கம்.

இந்தச் செய்தியைப் பாதியில் நிறுத்திவிடுகிற பதிவுகள்தான் கைபேசிகளில் அதிகம் சுற்றுகின்றன. மீதியையும் படிக்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் 46 சதவீதம் 36 ஆகக் குறைந்தது. ஐந்தாம் ஆண்டுவரை தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ எட்டில் ஒருவர்தான் அந்த நிலையில் மிஞ்சியிருந்தார். இழந்த எடை திரும்ப ஏறியபோது நோயும் திரும்பியது. அதனால்தான் மருத்துவர்கள் இதைக் 'குணம்' என்று சொல்வதில்லை. நோய் விலகி நிற்கிறது. ஆண்டுக்கொருமுறையாவது பரிசோதித்தபடி இருக்க வேண்டும்.

மாத்திரை எதைக் காக்கிறது?

நோய் பத்து, பதினைந்து ஆண்டு பழையதாகிவிட்டால், கவனிக்க வேண்டியது சர்க்கரை எண் மட்டுமல்ல. கண்ணின் விழித்திரை, சிறுநீரகம், கால் நரம்பு, இதயக் குழாய் எல்லாமே கணக்கில் வருகின்றன. இங்கே மருந்தின் பங்கு பெரிது.

அமெரிக்காவில் 5,145 சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த 'லுக் அஹெட்' ஆய்வில், தீவிர உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் கிட்டத்தட்ட பத்தாண்டுகள் தொடர்ந்தன. எடை இறங்கியது, மாத்திரைத் தேவை குறைந்தது, தூக்கத்தில் மூச்சுத்திணறல் குறைந்தது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. மறுபக்கம், பிரிட்டனில் 1998இல் முடிவு வெளியான ஆய்வு ஒன்றில், சர்க்கரையோடு ரத்தக் கொதிப்பும் இருந்தவர்களின் அழுத்தத்தை மருந்தால் நன்றாகக் கட்டுப்படுத்தியபோது பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. 2015இல், ஏற்கெனவே இதயநோய் இருந்த சர்க்கரை நோயாளிகளிடம் எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரை இதயநோய் மரணத்தை 38 சதவீதம் குறைத்தது.

"மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிடும்" என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. டயாலிசிஸ் வரை போகிறவர்களில் மிகப் பலரின் சிறுநீரகத்தைக் கெடுத்தது, ஆண்டுக்கணக்கில் கட்டுக்குள் வராத சர்க்கரையும் கொதிப்பும்தான். சிறுநீரகம் பழுதான பின் சில மாத்திரைகளின் அளவை மருத்துவர் குறைப்பார், சிலவற்றை நிறுத்துவார். அதைப் பார்ப்பவர்கள் மாத்திரைதான் காரணம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

'இங்கிலீஷ் மருந்து' என்று ஒதுக்கப்படும் மெட்ஃபார்மினின் மூலமும் ஒரு செடிதான். ஐரோப்பியக் கிராமங்களில் கைமருந்தாக இருந்த ஒரு செடியின் வேதிப்பொருளைத் தொடர்ந்து ஆராய்ந்ததில் பிறந்த குடும்பம் அது. பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் 1957இல் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டார். செடிக்கும் மாத்திரைக்கும் உள்ள வேறுபாடு, மாத்திரையில் அளவு தெரியும், பக்கவிளைவு தெரியும் என்பதே. வெந்தயம் சாப்பிடுவதில் தவறில்லை. அதை மாத்திரைக்குப் பதிலாக வைப்பதுதான் தவறு.

மாத்திரை தரும் தெம்பு

பந்தியின் முதலாமவருக்கு வருவோம். ஃபின்லாந்தில் அரசு ஊழியர்கள் 41,000 பேருக்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கொலஸ்ட்ரால், ரத்தக் கொதிப்பு மாத்திரை ஆரம்பித்தவர்களை, ஆரம்பிக்காதவர்களோடு ஒப்பிட்டது. மாத்திரை ஆரம்பித்தவர்களின் எடை கூடுதலாக ஏறியிருந்தது, உடலுழைப்பு குறைந்திருந்தது. புகைபிடிப்பதையும் மதுவையும் அவர்கள் ஓரளவு குறைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விடச் சொன்னதை விட்டார்கள். தினமும் செய்ய வேண்டியதுதான் நழுவியது.

நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. மாத்திரை போட்டதும் எண் இறங்குகிறது. எண் இறங்கியதும் நடை நிற்கிறது. சில மாதங்களில் எண் மீண்டும் ஏற, மருந்துச் சீட்டில் இன்னொரு மாத்திரை சேர்கிறது.

இலையில் என்ன மாற வேண்டும்?

சராசரி இந்தியரின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அதே ஆய்வு, வெள்ளை அரிசியை விட்டுக் கோதுமைக்கோ சிறுதானிய மாவுக்கோ மாறுவது மட்டும் போதவில்லை என்றும் காட்டியது. மொத்த மாவுச்சத்து குறைந்து, அந்த இடத்தில் பருப்பு, பயறு, பால் போன்றவற்றின் புரதம் வந்தபோதுதான் ஆபத்து குறைந்தது. மூன்று சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டுவிட்டு "சோறு தொடுவதே இல்லை" என்பதில் பொருளில்லை. மாவாக்கிக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழும் சர்க்கரையை வேகமாக ஏற்றக்கூடியதே.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. சோற்றில் இரண்டு கரண்டியைக் குறைத்து, பொரியலையும் கூட்டையும் இரட்டிப்பாக்கலாம். நான்கு இட்லி சாப்பிடுகிறவர் இரண்டோடு நிறுத்தி ஒரு கிண்ணம் சுண்டலோ முட்டையோ சேர்க்கலாம். காபி, டீயின் சர்க்கரையை நாளொன்றுக்கு எத்தனை ஸ்பூன் என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பதே பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். கொதிப்பு இருப்பவர்களுக்கு அப்பளம், ஊறுகாய், கருவாடு மூன்றும் உப்பு மூட்டைகள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் நாள் கணக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு.

குறைக்கலாம், தானாக நிறுத்தக் கூடாது

உணவும் நடையும் பலித்தால் மாத்திரையைக் குறைக்க முடியும். சில சமயம் குறைத்தே ஆக வேண்டும். கிளிமிபிரைட் போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருப்பவர், சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால் சர்க்கரை கீழே விழுந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். இரவில் வந்தால் உயிருக்கே ஆபத்து. விரதம் இருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே உணவு முறையை மாற்றப் போகிறவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவரின் அறை. கொதிப்பு மாத்திரைகளில் சிலவற்றைச் சட்டென்று நிறுத்தினால் அழுத்தம் முன்பைவிட அதிகமாக ஏறும். மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் பி12 வைட்டமின் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியதிலிருந்து, சர்க்கரைக்கும் கொதிப்புக்குமான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாத மூதாட்டிக்கும், ஒருநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்குப் போக முடியாதவருக்கும் இது பெரிய உதவி. மாத்திரை தர வரும் ஊழியரிடம் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லி அதையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பந்தியில் இருந்த இருவருக்கும் அடுத்த வாரம் செய்ய வேலை இருக்கிறது. பெல்ட்டில் ஒரு துளை குறைந்தவர், மூன்று மாதச் சராசரி காட்டும் ரத்தப் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் எடுத்துக்கொண்டு, தூக்கிப் போட்ட மருந்துச் சீட்டோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூன்று மாத நடைக்குப் பலனாக அவருக்கு ஒரு மாத்திரை குறையக்கூடும். ஜாங்கிரிக்காரர் எழுதிக் கொடுத்த அளவுக்கு மேல் ஒரு மாத்திரையும் போட வேண்டாம். அடுத்த கல்யாணத்தில் ஒரே ஒரு ஜாங்கிரியை வீட்டாரோடு பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, மண்டபத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடந்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.