நகப்பூச்சு நகத்தோடு நிற்கட்டும்

தாம்பரம் சண்முகம் சாலை ஃபேன்சி ஸ்டோரில் இரண்டு நெயில் பாலிஷ், ஆன்லைனில் ஒரு ஸ்டாம்பிங் பிளேட்டும் ஸ்டாம்பரும். இவ்வளவு இருந்தால் கல்யாணத்துக்கு முதல் நாள் வீட்டிலேயே பத்து விரலிலும் மயிலும் மாங்காயும் பதித்துவிடலாம். வரையத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆசைக்குச் செய்துகொள்வதில் தப்பும் இல்லை. ஆனால் வெறுமனே பாலிஷ் போடுவதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இதில் ரிமூவர் பல மடங்கு செலவாகும். அது விரல் தோலிலும் மூச்சிலும் போய்ச் சேரும். கவனிக்க வேண்டியது அங்கேதான்.

பதிவது எப்படி?

பிளேட் என்பது எஃகுத் தகடு. அதில் பூ, கொடி, கோலம் என்று மெல்லிய பள்ளங்களாகச் செதுக்கியிருப்பார்கள். புதுத் தகட்டின் மேல் பெரும்பாலும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை முதலில் உரித்துவிட வேண்டும். நகத்தில் பேஸ் கோட்டும் அதன்மேல் ஒரு நிறமும் பூசி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு கெட்டியான ஸ்டாம்பிங் பாலிஷை இரண்டு சொட்டு பள்ளத்தின் மேல் விட்டு, பழைய ஏடிஎம் கார்டைச் சாய்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் வழித்துவிடுங்கள். பள்ளத்தில் தங்கிய பாலிஷை சிலிகான் ஸ்டாம்பரால் ஒற்றி எடுத்து, நகத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு உருட்டினால் வடிவம் பதிந்துவிடும். எல்லாம் சில நொடிகளுக்குள் நடக்க வேண்டும். கடைசியாக டாப் கோட்.

ஸ்டாம்பரில் வரும் வடிவம் பெரும்பாலும் நகத்தைவிட அகலம். விளிம்பைத் தாண்டித் தோலிலும் விழும். அதைத் துடைக்க ரிமூவர். அடுத்த விரலுக்குப் போகுமுன் தகட்டைத் துடைக்க ரிமூவர். சரியாகப் பதியாததை அழிக்க மறுபடி ரிமூவர்.

தோலில் பட்டால் என்ன?

நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. வெளியே தெரியும் பகுதிக்கு உயிர் இல்லை. அதைச் சுற்றியிருக்கும் தோலுக்கு உயிர் உண்டு. ரிமூவரில் உள்ள அசிட்டோன், தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, வெடிப்பும் எரிச்சலும் உண்டாக்கும். நகத்தையும் உலர்த்தி, அடுக்கடுக்காக உரியச் செய்யும்.

நகம் தொடங்கும் இடத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலான கியூட்டிகிள், கிருமி உள்ளே போகாமல் அடைத்து வைத்திருக்கும் காவல். டிசைன் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று அதை வெட்டியெடுப்பது தவறு. பாத்திரம் தேய்த்தும் துணி துவைத்தும் நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறும் கையில் அந்தக் காவலும் போனால் நகச்சுத்தி எளிதில் வரும். சர்க்கரை நோயாளிகள் கியூட்டிகிளைத் தொடவே வேண்டாம்.

பாலிஷ் ஒவ்வாமை விரலில் மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். விரல் தொடும் இடமெல்லாம் வரலாம். கண் இமையும் கழுத்தும் அரித்துச் சிவந்தால், பவுடரையும் சோப்பையும் மாற்றுவதற்கு முன் நெயில் பாலிஷை நிறுத்திப் பாருங்கள்.

ரிமூவரைக் குறைக்கும் வழி

நகத்தைச் சுற்றி செல்லோடேப் துண்டுகளை ஒட்டிவிட்டுப் பதியுங்கள். தாண்டி விழும் வடிவம் டேப்போடு வந்துவிடும். மிச்சம் இருந்தால் மெல்லிய பிரஷ்ஷை ரிமூவரில் தொட்டு அந்த இடத்தை மட்டும் துடைக்கலாம். பஞ்சை நனைத்து விரல் முழுக்கத் தேய்க்க வேண்டாம். ஸ்டாம்பரை டேப்பால் ஒற்றியே சுத்தம் செய்யலாம். அசிட்டோன் பட்டால் சில ஸ்டாம்பர்கள் மங்கியும் போகும். பத்து விரலுக்கும் பத்து டிசைன் என்பதைவிட, மோதிர விரலுக்கு மட்டும் ஒன்று என்றால் வேலையும் மிச்சம், ரிமூவரும் மிச்சம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

மின்விசிறி, ஜன்னல், தீக்குச்சி

மின்விசிறி ஓடினால் தகட்டில் இருக்கும் பாலிஷ் ஒற்றியெடுப்பதற்குள் காய்ந்துவிடும். அதனால் அதை அணைத்துவிடுவார்கள். பள்ளிக்கரணை, மேடவாக்கம், மாடம்பாக்கம் பக்கம் சாயங்காலமானால் கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்திவிடுவார்கள். இப்படி அடைத்த அறையில் அசிட்டோன் ஆவி தேங்கினால் தலைவலி, மயக்கம், கண் எரிச்சல் வரும். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இளைப்பும் கூடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து தீ. மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் அளவுக் குளிரிலேயே அசிட்டோனிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி எழும். சென்னை வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். கொசுவத்தியைப் பற்றவைக்கும் தீக்குச்சி, பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பகலில், ஜன்னலைத் திறந்துவைத்து, பால்கனி ஓரமாக உட்கார்ந்து போடுவதே நல்லது.

குழந்தை ரிமூவரைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108ஐ அழையுங்கள்.

வாங்கும்போது பாருங்கள்

இந்தியாவில் அழகுசாதனப் பொருட்களுக்கு 2020ஆம் ஆண்டின் விதிகள் இருக்கின்றன. உள்நாட்டுப் பாட்டில் என்றால் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்க வேண்டும். இறக்குமதிச் சரக்கு என்றால் பதிவுச் சான்று எண் இருக்க வேண்டும். இவை எதுவும் இல்லாத மலிவு பாட்டிலை வாங்காதீர்கள். ஃபார்மால்டிஹைடு, டொலுயீன், டைபியூட்டைல் தாலேட் மூன்றும் இல்லாததாகப் பார்த்து எடுங்கள். மூன்றாவதை ஐரோப்பிய ஒன்றியம் 2004இலேயே அழகுசாதனங்களில் தடை செய்துவிட்டது.

விளக்கின் கீழ் காயவைக்கும் ஜெல் பாலிஷில் பதிப்பது வேறு கதை. சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டால் அதிலுள்ள அக்ரிலேட்டுகளுக்கு ஒவ்வாமை வரலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பின்னாளில் பல் மருத்துவர் பயன்படுத்தும் சில பொருட்களும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இந்த அக்ரிலேட் வகையில் ஒன்றான ஹேமா (HEMA) என்பதை, நகப் பூச்சுகளில் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் விதி செய்தது. வீட்டில் சாதாரணப் பாலிஷே போதும்.

நகத்தை அவ்வப்போது வெறுமனே விடுங்கள்

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. நகம் வெளுப்பதும், கரண்டி மாதிரிக் குழிவதும் அதன் அடையாளங்கள். எப்போதும் நிறம் பூசியிருந்தால் அவை கண்ணில் படாது. அடர்நிறப் பாலிஷ், விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியின் அளவையும் குழப்பக்கூடும். அறுவை சிகிச்சைக்கு முன் பாலிஷை அழிக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நகம் மஞ்சளித்துத் தடித்தாலோ, சதையை விட்டுத் தூக்கினாலோ, ஓரம் வீங்கிச் சீழ் கோத்தாலோ, ஒரே ஒரு நகத்தில் கருங்கோடு விழுந்து அகலமானாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். அந்தக் குறையை மறைக்க இன்னொரு டிசைன் பதிக்காதீர்கள். கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாக மாற ஆறு மாதம் பிடிக்கும். பூஞ்சை பிடித்த நகத்துக்கு வைத்தியம் மாதக்கணக்கில் இழுப்பது இதனால்தான். தொடக்கத்திலேயே காட்டிவிட்டால், அடுத்த விசேஷத்துக்குள் நகம் தேறிவிட வாய்ப்பு உண்டு.