பின்தொடரும் அச்சம்



சாந்தோம் நெடுஞ்சாலையில் மாலை நேரத்தில் நின்று பார்த்தால், பள்ளி விட்டுச் செல்லும் பிள்ளைகளின் கூட்டத்தைக் காணலாம். சிரிப்பும் பேச்சுமாகச் செல்லும் அக்கூட்டத்தில், பேச்சில் கலவாமல், அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே நடக்கும் ஒரு பெண்ணும் இருக்கக்கூடும். அவளை நாம் கவனிப்பதில்லை. அவளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி என் அறைக்கு வந்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து நாள்தோறும் ஒருவன் தன் பின்னால் வருவதாகக் கூறினாள். “ஏதேனும் பேசினானா? கையைப் பிடித்தானா?” என்று கேட்டேன். “இல்லை ஐயா, பின்னால் வருகிறான், அவ்வளவுதான்” என்றாள். “அப்படியானால் வேறு தெரு வழியாகப் போ அம்மா” என்று சொல்லி அனுப்பினேன். நல்ல யோசனை கூறியதாகவே அன்று எண்ணினேன். சில வாரங்களில் அவள் மாலை வகுப்பை நிறுத்தினாள். பின்னர்ப் பேச்சுப் போட்டியிலிருந்து விலகினாள். ஆண்டு முடியுமுன் பள்ளியையே விட்டு, வெளியூரில் இருந்த பாட்டி வீட்டுக்குச் சென்றுவிட்டாள். அவனோ அதே நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தான். குற்றமற்றவளை வழி மாறச் சொன்னேன். குற்றவாளியை ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிழை இன்றும் என் நெஞ்சில் முள்ளாக உறுத்துகிறது.

பின்தொடர்தல் என்பது யாது? ஒருவரின் விருப்பமின்றி, அவர் வேண்டாம் என்று காட்டிய பின்னும், மீண்டும் மீண்டும் அவரைத் தொடர்வதும், காத்திருந்து நோக்குவதும், பேச முயல்வதும், கைப்பேசியிலும் இணையத்திலும் அவர் செய்வதை வேவு பார்ப்பதும் பின்தொடர்தலாகும். இதில் ஒரு வஞ்சகம் உண்டு. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு செயலும் குற்றமற்றதுபோல் தோன்றும். தெருமுனையில் நிற்பது குற்றமா? பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவது குற்றமா? இவ்வாறு கேட்டுப் பிறர் நகைப்பர். ஒரு துளி நீர் தலையில் விழுந்தால் துன்பமில்லை. ஓயாமல் விழுந்துகொண்டே இருந்தால் எவ்வாறிருக்கும் என்பதை அமர்ந்திருப்பவரே அறிவார்.

இவ்வச்சம் உடலை என்ன செய்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஆபத்து நேரும்போது உடல் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ ஆயத்தமாகிறது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கானன் 1915-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். சிறுநீரகங்களின் மேலுள்ள சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன, நெஞ்சு படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன. தெருவில் நாய் துரத்தினால் இந்த ஏற்பாடு நம்மைக் காக்கும். நாய் போனதும் உடல் அமைதியுறும். ஆனால் பின்தொடரப்படுபவருக்கு ஆபத்து எப்போது வரும், எப்போது போகும் என்பதே தெரியாது. எனவே உடல் ஓய்வு கொள்வதில்லை. உறக்கம் கெடுகிறது, புத்தகத்தைத் திறந்தால் எழுத்து மனத்தில் பதிவதில்லை, தொலைபேசி மணி ஒலித்தாலே நடுக்கம் பிறக்கிறது. இதைக் கோழைத்தனம் என்று எண்ணாதீர்கள். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதே அறிவு என்பது வள்ளுவர் காட்டிய நெறி. அச்சம் ஓர் எச்சரிக்கை. அது வெட்கப்பட வேண்டிய குறை அன்று.

உலகம் இத்துன்பத்தைக் குற்றமென ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1990-இல்தான் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஜப்பானில் 1999-ஆம் ஆண்டு மாணவி ஒருவர் கொல்லப்பட்டார். அவரும் பெற்றோரும் முன்பே காவல் துறையிடம் முறையிட்டும் அது உரியவாறு கவனிக்கப்படவில்லை. மறு ஆண்டே அந்நாட்டில் சட்டம் பிறந்தது.

நம் சென்னையின் கதையும் துயரமானதே. 1998-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் தொல்லைக்கு ஆளான கல்லூரி மாணவி ஒருவர் காயமுற்று உயிரிழந்தார். அதன் பின்னரே தமிழ்நாட்டில் ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் வந்தது. டீசிங் என்றால் கேலி. கேலி என்றதும் விளையாட்டு என்னும் எண்ணமே எழுகிறதன்றோ? 2002-இல் அச்சொல் நீக்கப்பட்டு, பெண்களைத் துன்புறுத்தல் என்று சட்டத்தின் பெயர் மாற்றப்பட்டது. நோய்க்குச் சரியான பெயர் இட்ட பின்னரே மருந்து தேட முடியும்.

2016-ஆம் ஆண்டு சூன் 24 அன்று, நுங்கம்பாக்கம் ரயில் நிலைய மேடையில், காலை வெளிச்சத்தில், பணிக்குப் புறப்பட்ட இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்நிலையத்தில் அன்று கண்காணிப்புக் கேமரா இல்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் மாணவி ஒருவர் ஓடும் ரயிலின் முன் தள்ளப்பட்டு மாண்டார். அவர் குடும்பத்தார் முன்பே காவல் துறையிடம் முறையிட்டிருந்தனர். பின்தொடர்தல் ஒவ்வொன்றும் கொலையில் முடிவதில்லை. ஆயினும், எது அவ்வாறு முடியும் என்பதை முன்கூட்டி அறிவார் யார்? எனவே கேட்பவர் எந்த முறையீட்டையும் சிறிதென ஒதுக்கலாகாது.

இன்று சட்டம் தெளிவாக இருக்கிறது. 2012-ஆம் ஆண்டு டில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், நீதிபதி வர்மா தலைமையிலான குழு அறிக்கை தந்தது. 2013-இல் பின்தொடர்தல் இந்தியா முழுவதற்கும் தனிக் குற்றமாயிற்று. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு அதையே கூறுகிறது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளைத் தீய பாலியல் நோக்கத்துடன் பின்தொடர்வது, ஆண் பெண் என்னும் வேறுபாடின்றி, 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படியும் குற்றம். தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2012 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய தொல்லைகளைத் தடுக்கும் கடமை கல்வி நிலையத் தலைவர்களுக்கும் உண்டு என்று பணித்தது. அதைப் படித்தபோது என் பழைய மாணவியின் முகமே என் கண்முன் நின்றது.

மாணவியரே, உங்களை ஒருவன் தொடர்ந்தால், வேண்டாம் என்று ஒரே முறை தெளிவாகக் கூறுங்கள். பின்னர் மறுமொழி வேண்டா. திரும்பத் திரும்பப் பதில் அளித்தால், அது சினம் நிறைந்த பதிலாயினும், அவனுக்கு நம்பிக்கையையே தரும். நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அவன் அனுப்பிய செய்திகளை அருவருத்து அழித்துவிடாதீர்கள், அவையே சான்று. தெருவில் அச்சம் மிகுந்தால் ஆள் நடமாட்டமுள்ள கடைக்குள் செல்லுங்கள். பேருந்தில் நடத்துநரிடம் கூறுங்கள். அவசரத்திற்கு 112, பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்னும் எண்கள் உள்ளன. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் சொல்லுங்கள். படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்றஞ்சியே பல பெண்கள் வாய் திறப்பதில்லை. பெற்றோரும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்களாயின், அவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: சொன்ன பெண்ணைத் தண்டிக்காதீர்கள். அவளைப் பூட்டி வைத்தால், பின்தொடர்ந்தவன் வென்றவன் ஆவான்.

மாணவர்களே, உங்களிடமும் ஒரு சொல். கதாநாயகன் நாயகியை விடாது துரத்தினால் இறுதியில் அவள் இசைவாள் என்று திரைப்படங்கள் பல காட்டியிருக்கின்றன. அது கதை. வாழ்க்கையில், வேண்டாம் என்றால் வேண்டாம் என்பதே பொருள். விரும்பப்படாமையைப் பொறுத்துக்கொள்வதும் ஆண்மையே. உங்கள் தோழன் ஒருவன் இவ்வழியில் செல்வானாயின், உடன் சென்று துணை நிற்காதீர்கள், தடுத்து நிறுத்துங்கள். தடுக்கும் தோழன் ஒருவனால் ஒரு பெண்ணின் வாழ்வும், அவனுடைய வாழ்வும் ஒருங்கே காக்கப்படும்.

அந்த மாணவி இன்று என் அறைக்கு வந்தால், கையைப் பிடித்தானா என்று கேட்க மாட்டேன். அமரச் சொல்வேன், அவள் கூறுவதை நாள் வாரியாக எழுதிக்கொள்வேன், பெற்றோரை அழைப்பேன், அவர்களோடு காவல் நிலையத்திற்கு நானும் செல்வேன். மறுநாள் மாலை அவள் தன் பழைய தெரு வழியாகவே வீடு செல்லும்போது, பேருந்து நிறுத்தத்தில் நான் நிற்பேன்.