லொறி மலையேற மறுக்கிறதா? இன்டர்கூலரைப் பாருங்கள்

வாகனத்தை நம்பித் தொழில் செய்யும் நமது வியாபாரிகள் டீசலுக்கும் டயருக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். டேர்போ என்ஜினின் இன்டர்கூலருக்குக் கணக்கு வைத்த எவரையும் பெரியநீலாவணையில் நான் கண்டதில்லை. ரேடியேட்டரைப் போன்ற அலுமினியப் பெட்டிதானே என்று விட்டுவிடுகிறோம்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் அறிவோம். டேர்போவிலும் அதுவே நடக்கிறது. நமது கரையோரத்தின் 35 பாகைக் காற்றை அது இரு மடங்கு அமுக்கத்துக்கு நெருக்கினால், வெப்பம் 130 பாகையைத் தொட்டுவிடும். சூடான காற்று விரிந்து நிற்பதால் என்ஜினுக்குள் போகும் ஒட்சிசன் குறைந்துவிடும். இன்டர்கூலர் அதனை 60 பாகைக்கு இறக்கிக் கொடுத்தால், அதே அமுக்கத்தில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு அதிகமான காற்று உள்ளே போகும். டொயோட்டாவின் 2.5 லீற்றர் 2கேடி என்ஜின் இன்டர்கூலர் இல்லாமல் சுமார் 100 குதிரைவலுவுடனும், இன்டர்கூலரோடு சுமார் 120 குதிரைவலுவுடனும் வந்தது.

நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை ஓடினாலும் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆகவே இன்டர்கூலரில் குறை இருந்தாலும் வாகனம் இங்கே நன்றாகவே ஓடும். மீனோ நெல்லோ ஏற்றிக்கொண்டு மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவில் ஏறும்போதுதான் கரும்புகை கக்கும். அங்கே வேகம் குறைவு, எதிர்க்காற்றும் குறைவு, சுமையோ முழுச்சுமை.

எனக்குத் தெரிந்த மீன் வியாபாரி ஒருவரின் லொறிக்கு இதுதான் நேர்ந்தது. ஒரு கராஜில் என்ஜினைப் பிரித்துப் பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும் என்றார்கள். பிரிக்க முதல் காற்றுக் குழாய்களைச் சோதிப்போம் என்று நான் தடுத்தேன். குழாயின் ஒரு வாயை அடைத்து, மறு வாயால் கொம்பிரசர் காற்றை மெதுவாக விட்டு, சோப்புத் தண்ணீர் பூசினோம். இன்டர்கூலருக்குக் கீழேயுள்ள இறப்பர் ஹோஸில், கிளிப்புக்கு அடியில், நுரை பொங்கியது. ஒரு ஹோஸ், இரண்டு கிளிப், வேலை அவ்வளவுதான். (இந்தச் சோதனைக்கு, கார் டயருக்கு விடும் அமுக்கத்தில் பாதிக்கும் குறைவாகவே விட வேண்டும்.)

கடற்கரை மணலில் நிறுத்தி மீன் ஏற்றும் வாகனங்களுக்கு உப்பும் மணலும் இரட்டைப் பகை. மெல்லிய அலுமினியத் தகடுகளை அரித்து, இடைவெளிகளை அடைத்துவிடும். நல்ல தண்ணீரால், குறைந்த வேகத்தில், பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கழுவுங்கள். சேர்விஸ் நிலையத்தின் வேகமான தண்ணீர் தகடுகளை மடக்கிவிடும்.

டேர்போ உடைந்து புதிது போடுபவர்கள் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவாமல் பூட்ட விடாதீர்கள். உடைந்த உலோகத் துகள் உள்ளே தங்கியிருந்து, பின்னர் என்ஜினுக்குள் போய்விடும். எண்ணெய் தேங்கியிருந்தால் அது இன்னும் ஆபத்து. டீசல் என்ஜின் அந்த எண்ணெயையே எரித்துக்கொண்டு, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் வெறிகொண்டு சுற்றும். இலேசான எண்ணெய்ப் பசை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

பெரிய இன்டர்கூலர் போட்டால் வலு கூடும் என்று விற்க வருபவர்களும் உண்டு. டீசல் அளவை மாற்றாத வரை வலு பெரிதாகக் கூடாது. என்ஜினின் சூடு மட்டும் சற்றுக் குறையும். அந்தக் காசை நான் நல்ல ஹோஸுக்கே செலவிடுவேன்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களே கைமாறின; இன்றும் நம்மில் பலர் அவற்றைத்தான் வாங்குகிறோம். வாங்கும்போது வெறும் வாகனமாக ஓட்டிப் பார்க்காமல், சுமை ஏற்றி அம்பாறை வீதியில் மூன்றாம் கியரில் முழுதாக மிதித்துப் பாருங்கள். பின்னால் வருபவர் புகையைக் கவனிக்கட்டும். நிறுத்தியதும், கை சுடாதவாறு ஒரு துணியைச் சுற்றி, இன்டர்கூலரின் இரு பக்கக் குழாய்களையும் தொடுங்கள். உள்ளே போகும் குழாயைவிட வெளியே வரும் குழாய் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே சூடாயிருந்தால் பெட்டி அடைபட்டிருக்கிறது. விலையைக் குறைத்துப் பேசுங்கள்.